மிக நுண்ணிய கிரெய்ன் கொண்ட எஃகுத் தகடு டையில் தாங்குமா? படிப்படியாகச் சோதிக்கும் முறை

கலவையை மாற்றாமல், கிரெய்னை, அதாவது எஃகுக்குள் இருக்கும் நுண்படிக மணியை, மட்டும் நுணுக்கிக் குறைகார்பன் எஃகின் வலிமையை இரண்டு மூன்று மடங்காக்கலாம். இது ஆய்வகங்களில் பலமுறை நிரூபிக்கப்பட்ட உண்மை. ராணிப்பேட்டை சிப்காட்டில் பிரஸ் வைத்திருப்பவர் இதைக் கேட்டதும், "அப்படியானால் தடிமனைக் குறைத்துக்கொள்ளலாமே" என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தத் தகடு டைக்குள், அதாவது வடிவம் கொடுக்கும் அச்சுக்குள், இழுபடுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளைக்கலாம். ஓரளவு ஆழத்துக்கு இழுக்கலாம். ஆனால் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுவை உப்பச் செய்யும் வேலைக்கு அது பெரும்பாலும் கைகொடுக்காது. இது ஏன் என்பதையும், கைக்கு வந்திருக்கும் தகட்டின் குணத்தை டை வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். ராணிப்பேட்டை, ஆற்காடு, காட்பாடிப் பக்கம் தகட்டு வேலை செய்பவர்களும், வேலூரில் பொறியியலும் பாலிடெக்னிக்கும் படிக்கும் பிள்ளைகளும் பயன்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். ஓர் இழுவிசைச் சோதனை இயந்திரமும் ஒரு நல்ல ஒளி நுண்ணோக்கியும் இருந்தால் பெரும்பாலான படிகளை முடித்துவிடலாம். மின்னணு நுண்ணோக்கிக்கு மட்டும் பல்கலைக்கழகக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

அளவுகளும் வலிமையும்

பிரஸ் பட்டறைக்கு வரும் வழக்கமான குளிர் உருட்டுத் தகட்டில், அதாவது ஐஎஸ் 513 தரத்தில் சிஆர்2, சிஆர்3, சிஆர்4 என்று வருபவற்றில், கார்பன் 0.1 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். ஃபெரைட் (மென்மையான இரும்புப் படிகம்) கிரெய்னின் சராசரி விட்டம் ஏறத்தாழ 10 முதல் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நயோபியம் போன்ற தனிமங்களை மிகக் கொஞ்சமாகச் சேர்த்து, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி உருட்டும் அதிவலிமைத் தகடுகளில் இது 3 முதல் 8 மைக்ரான் வரை இறங்கும். ஆய்வாளர்கள் "மிக நுண்ணியது" என்று சொல்வது ஒரு மைக்ரானும் அதற்குக் கீழும். எஃகு என்றால் 2 மைக்ரான் வரைகூட அந்தப் பெயரைத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே "நுண்ணிய கிரெய்ன்" என்று யாராவது சொன்னால், எத்தனை மைக்ரான் என்று கேட்காமல் பேச்சைத் தொடர வேண்டாம். 5 மைக்ரான் தகடும் ஒரு மைக்ரான் தகடும் டைக்குள் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது.

கிரெய்னுக்கும் ஈல்டு வலிமைக்கும் (நிரந்தரமாக வடிவம் மாறத் தொடங்கும் வலிமை) உள்ள உறவை 1951இல் ஹாலும் 1953இல் பெட்சும் வெளியிட்டார்கள். அடிப்படை வலிமை ஒன்று. அதன்மேல், ஒரு மாறிலியைக் கிரெய்ன் விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துக் கிடைக்கும் தொகை. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டால், குறைகார்பன் எஃகுக்கு அடிப்படையை 100 மெகாபாஸ்கல் என்றும் மாறிலியை 19 என்றும் வைத்துத் தோராயமாகக் கணக்கிடலாம். 20 மைக்ரானுக்கு 234 மெகாபாஸ்கல் வரும். 5 மைக்ரானுக்கு 369. ஒரு மைக்ரானுக்கு 701. தகட்டுக்குத் தகடு மாறிலி கொஞ்சம் மாறும், ஆனால் போகும் திசை மாறாது.

இதன் காரணம் எல்லைகளில் இருக்கிறது. எஃகு வடிவம் மாறுவது டிஸ்லொகேஷன் எனப்படும் படிகப் பிழைக்கோடுகள் நகர்வதால்தான். அவை கிரெய்னின் எல்லைக்கு வந்ததும் முட்டி நிற்கும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வண்டிகள் நிற்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டும். வரிசை நீளமாக இருந்தால் முன்னால் நிற்பதன்மேல் விழும் நெருக்கமும் அதிகம், எல்லை சீக்கிரம் வழிவிடும். கிரெய்ன் சின்னதானால் நீள வரிசைக்கு இடமே இல்லை. ஆகவே வெளியிலிருந்து இன்னும் பலமாக இழுத்தால்தான் அடுத்த கிரெய்னில் நகர்வு தொடங்கும்.

வலிமை கூடுகிறது, நீட்சி ஏன் போகிறது

இந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மீதிச் சோதனைகள் எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

ஒரு தகட்டை இழுக்கும்போது அது சீராக நீள வேண்டுமென்றால், மெலிந்த இடம் மற்ற இடத்தைவிட இறுகிக்கொள்ள வேண்டும். எங்காவது ஒரு மயிரிழை மெலிந்தாலும் அந்த இடம் உடனே கடினப்பட்டால், நீட்சி பக்கத்துக்கு நகர்ந்துவிடும். இறுகுவது போதாவிட்டால் மெலிந்த இடமே மேலும் மெலிந்து, கழுத்துபோல் ஒடுங்கி, அங்கேயே கிழியும். எந்தக் கட்டத்தில் இது தொடங்கும் என்பதை பிரெஞ்சுப் பொறியாளர் கொன்சிடேர் 1885இலேயே சொல்லிவிட்டார். உண்மைத் தகைவு (அந்தக் கணத்துக் குறுக்குப் பரப்பில் ஓர் அலகுக்கு விழும் விசை) எவ்வளவு இருக்கிறதோ, இறுகும் வேகமும், அதாவது தகைவு – திரிபு (நீட்சி அளவு) வளைவின் சரிவும், குறைந்தபட்சம் அவ்வளவு இருக்க வேண்டும். சரிவு அதற்குக் கீழே விழும் கணத்தில் ஒடுக்கம் தொடங்கும்.

இப்போது இரண்டு தகடுகளை எடுத்துக்கொள்வோம். 20 மைக்ரான் தகடு 230 மெகாபாஸ்கலில் விட்டுக்கொடுக்கத் தொடங்கி, பிறகு நிதானமாக இறுகிக்கொண்டே போகும். அதன் சரிவு தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும், தகைவு 400ஐ நெருங்கும்போதுதான் இரண்டும் சந்திக்கும். அதற்குள் தகடு 20 சதவீதத்துக்கு மேல் சீராக நீண்டிருக்கும். ஒரு மைக்ரான் தகடு 700இல்தான் விட்டுக்கொடுக்கவே தொடங்குகிறது. ஒடுங்காமல் இருக்க அந்த நொடியிலேயே அதன் சரிவு 700க்கு மேல் இருக்க வேண்டும். அதுதான் நடப்பதில்லை. கிரெய்ன் மிகச் சிறியதாகிவிட்டால் டிஸ்லொகேஷன்கள் உள்ளே சேர்ந்து சிக்கிக்கொள்ள இடமில்லை. எல்லை பக்கத்திலேயே இருப்பதால் அதற்குள் போய் மறைந்துவிடுகின்றன. சேர்மானம் இல்லையென்றால் இறுகுவதும் இல்லை. தேவை இரண்டு மூன்று மடங்கானபோது வரவு குறைந்துபோனது. கணக்கு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒசாகா பல்கலைக்கழகத்தில் சைட்டோவும் சுஜியும் சேர்ந்த குழு, அடுக்கி உருட்டும் முறையில் நுணுக்கிய இரும்பிலும் அலுமினியத்திலும் இதை அளந்து காட்டியது. கிரெய்ன் ஏறத்தாழ ஒரு மைக்ரானுக்குக் கீழே போனதும் சீரான நீட்சி படிப்படியாகக் குறையவில்லை, சட்டென்று விழுந்தது. மலைச்சரிவு அல்ல, விளிம்பு. இதனால்தான் 1 மைக்ரானுக்கும் 5 மைக்ரானுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன்.

இன்னொரு தொல்லையும் உண்டு. குறைகார்பன் எஃகு ஈல்டு ஆகும்போது லூடர்ஸ் பட்டைகள், அதாவது முதலில் நீளும் பகுதி கோடாகத் தெரிந்து ஊர்பவை, தோன்றும். கிரெய்ன் சிறியதாக ஆக அந்தப் பட்டைகள் ஓடி முடிக்கும் நீட்சியும் கூடும். மிக நுண்ணிய தகட்டில் பட்டை ஓடி முடிவதற்குள் ஒடுக்கம் வந்துவிடும். இறுகும் பகுதி என்ற ஒன்றே வரைபடத்தில் காணாமல் போய்விடும்.

முதல் படி: தகடு எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள்

நுணுக்கும் வழிகள் பல. பிரஸ்காரருக்குத் தேவையானவை மூன்று.

ஒன்று, அடுக்கி உருட்டுவது. ஒரே தடிமனுள்ள இரண்டு தகடுகளின் முகங்களைச் சுத்தப்படுத்தி ஒன்றின்மேல் ஒன்று வைத்து, பாதித் தடிமனுக்கு உருட்டி ஒட்டவைத்து, குறுக்கே வெட்டி மீண்டும் அடுக்கி உருட்டுவார்கள். ஐந்து சுற்றில் 32 அடுக்கு ஆகிவிடும். ஒவ்வொரு சுற்றும் 0.8 அளவு திரிபைச் சேர்க்கும். இப்படி வரும் தகட்டில் கிரெய்ன் உருண்டையாக இராது, உருட்டிய திசையில் நீண்டு படர்ந்திருக்கும். ஆகவே திசைக்குத் திசை குணம் மாறும்.

இரண்டு, மார்ட்டென்சைட்டிலிருந்து (தணித்த எஃகின் மிகக் கடினமான நிலை) தொடங்குவது. எஃகைச் சூடாக்கி நீரில் தணித்து, பிறகு 50 சதவீதம் குளிர் உருட்டி, 500 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில் அனீல் செய்தால் (சூட்டில் வைத்து இளக்கினால்), ஒரு மைக்ரானுக்கும் கீழான ஃபெரைட்டும் அதனூடே தூவினாற்போல் கார்பைடுத் துகள்களும் கிடைக்கும். சாதாரண உருட்டாலையில் இருக்கும் கருவிகளே இதற்குப் போதும் என்பதால், தகட்டு வேலைக்கு இதுவே நம்பிக்கையான வழி என்பது என் எண்ணம்.

மூன்று, சூட்டிலேயே தாழ்ந்த வெப்பநிலையில் கனமாக உருட்டுவது. இதில் 1 முதல் 3 மைக்ரான் வரை எதிர்பார்க்கலாம். வளைந்த குழாய்க்குள் கம்பியைத் திணித்து நுணுக்கும் முறையும் ஆய்வுக் கட்டுரைகளில் நிறைய வரும், ஆனால் அது கம்பிக்கும் கட்டைக்கும்தான். பிரஸ் தகட்டுக்கு அது பொருந்தாது.

வழியைத் தெரிந்துகொண்டதும், உருட்டிய பின் அனீல் செய்தார்களா, எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் ஒரு தாள் தகடு மட்டும் மாதிரிக்கு வாங்குங்கள், காயில் (சுருள்) வேண்டாம்.

இரண்டாம் படி: நுண்ணோக்கியில் கிரெய்னை எண்ணுதல்

மாதிரியைக் கேஸ் கட்டரில் வெட்டாதீர்கள். சூடு பட்டால் நீங்கள் பார்க்கப் போகும் கிரெய்ன் தகட்டின் கிரெய்ன் அல்ல. ஒயர் கட்டிங்கிலோ, தண்ணீர் விட்டுக்கொண்டே ரம்பத்திலோ வெட்டுங்கள். தகட்டின் முகத்தைப் பார்ப்பதைவிட, உருட்டிய திசைக்கு நெடுக்காக வெட்டிய விளிம்பைப் பார்ப்பதுதான் முக்கியம். கிரெய்ன் நீண்டு படர்ந்திருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

எமரித் தாளில் 220 தொடங்கி 1200 வரை தேய்த்து, ஒவ்வொரு தாளுக்கும் மாதிரியை 90 பாகை திருப்பி, முந்தைய கீறல் மறையும் வரை விடாதீர்கள். பிறகு 3 மைக்ரான், 1 மைக்ரான் வைரப் பசை. கண்ணாடிபோல் ஆனதும் 2 சதவீத நைட்டலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) முக்குங்கள். ஐந்து முதல் பத்து விநாடி போதும். பளபளப்பு மங்கி, மூச்சுப் பட்ட கண்ணாடியின் சாயலில் மெல்லிய சாம்பல் நிறம் படரும் கணத்தில் எடுத்து, ஆல்கஹாலில் கழுவி, சூடான காற்றில் உலர்த்த வேண்டும். ஒரு விநாடி கூடிப்போனால் மிக நுண்ணிய தகட்டில் எல்லைக்கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து எல்லாம் கறுப்பாகிவிடும். அப்படி ஆனால் வைரப் பசையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

வேலூர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. மே மாதத்தில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி நைட்டலின் அடர்த்தி ஏறிவிடும், ஆகவே அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். மீந்ததை மூடி இறுக்கிய பாட்டிலில் வைக்கவே கூடாது; நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து வாயுவை உண்டாக்கி பாட்டிலை வெடிக்கச் செய்யக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொல்லை வேறு மாதிரி: மெருகேற்றிய முகத்தில் சற்று நேரத்திலேயே துருப் புள்ளிகள் பூக்கும், அவற்றைக் கார்பைடு என்று எண்ணிவிடக் கூடாது. உலர்த்தியதும் சிலிக்கா ஜெல் இட்ட டப்பாவில் வையுங்கள்.

எண்ணுவதற்கு நேர்கோட்டு முறையே எளிது. படத்தின்மேல் தெரிந்த நீளத்துக்குக் கோடு போட்டு, அது வெட்டும் எல்லைகளை எண்ணி, நீளத்தை எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி இடைவெளி வந்துவிடும். நெடுக்கிலும் குறுக்கிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். சான்றிதழில் அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் கிரெய்ன் எண்ணாகக் கொடுத்திருந்தால், எண் 8 என்பது ஏறத்தாழ 22 மைக்ரான், 10 என்பது 11 மைக்ரான், 12 என்பது 5.6, 14 என்பது 2.8.

அதற்குக் கீழே ஒளி நுண்ணோக்கியை நம்ப வேண்டாம். ஒளியின் அலைநீளமே அரை மைக்ரான் இருக்கும்போது, அரை மைக்ரான் கிரெய்னின் எல்லையை அது எப்படிக் காட்டும்? அங்கே மின்னணு நுண்ணோக்கியில் செய்யும் இபிஎஸ்டி சோதனை (படிகங்கள் எந்தத் திசையில் திரும்பியிருக்கின்றன என்று புள்ளி புள்ளியாக அளப்பது) வேண்டும். வேலூரில் விஐடி போன்ற ஆராய்ச்சி நடக்கும் நிறுவனங்களில் கேட்டுப் பாருங்கள். போகும்போது இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: அளவீட்டு இடைவெளி கிரெய்னின் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும், 15 பாகைக்கு மேற்பட்ட எல்லைகளைத் தனியே பிரித்துக் காட்டட்டும். கனமாக உருட்டி அனீல் செய்யாத தகட்டில் பல "கிரெய்ன்கள்" சின்னக் கோண எல்லைகளால் பிரிக்கப்பட்ட உட்பிரிவுகளாகவே இருக்கும். அவற்றையும் சேர்த்து எண்ணி 0.4 மைக்ரான் என்று பெருமையாகப் போட்டுவிடுவது வழக்கம்.

மூன்றாம் படி: இழுவிசைச் சோதனையைச் சரியாகப் படித்தல்

உருட்டிய திசையில் ஒன்று, 45 பாகையில் ஒன்று, 90 பாகையில் ஒன்று என்று மாதிரிகள் வெட்டுங்கள். விளிம்பில் பிசிறு இருந்தால் மிக நுண்ணிய தகடு அங்கிருந்தே கிழியும், ஆகவே விளிம்பை மெல்லிய தாளால் நெடுக்காகத் தேய்த்துவிடுங்கள். நீட்சியை எக்ஸ்டென்சோமீட்டரில்தான் அளக்க வேண்டும். இயந்திரத்தின் தலை நகர்ந்த தூரத்தை வைத்து அளந்தால் பிடிகளின் வழுக்கலும் சேர்ந்துவிடும்.

இழுக்கும்போது வரைபடத்தை மட்டும் பார்க்காமல் மாதிரியையும் பாருங்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால், பளபளப்பான முகத்தில் ஏறத்தாழ 50 பாகைச் சாய்வில் ஒரு மங்கலான கோடு பிடியின் அருகே தோன்றி, மெதுவாக மறு முனைக்கு ஊர்வது தெரியும். அதுதான் லூடர்ஸ் பட்டை. 20 மைக்ரான் தகட்டில் அது ஓடி முடிந்த பிறகு முகம் முழுவதும் சீராக மங்கும். மிக நுண்ணிய தகட்டில் பட்டை பாதி வழியிலேயே நின்று, நின்ற இடத்தில் பள்ளமாகி, பிளந்துவிடுவதைப் பார்க்கலாம். இதை ஒரு முறை கண்ணால் பார்த்தவருக்குச் சூத்திரம் தேவைப்படாது.

சான்றிதழில் உள்ள மொத்த நீட்சி எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. டை பிட்டருக்கும் தரக்கட்டுப்பாட்டுப் பையனுக்கும் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்க வேண்டும்:

"தம்பி, இது எவ்வளவு நீளும்?"

"12 சதவீதம் என்று போட்டிருக்கிறது, அண்ணே."

"எத்தனை மில்லிமீட்டர் அளவுக்கோட்டில்? அதில் சீராக நீண்டது எவ்வளவு?"

கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. சீரான நீட்சி 3 சதவீதம், ஒடுங்கிய பிறகு அந்த ஒரே இடத்தில் 4.5 மில்லிமீட்டர் நீண்டது என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் அளவுக்கோட்டில் மொத்தம் 12 சதவீதம் வரும். 80 மில்லிமீட்டரில் 8.6 ஆகிவிடும். 25 மில்லிமீட்டர் குட்டி மாதிரியில் 21. தகடு ஒன்றே, எண்கள் மூன்று. ஆய்வகத்தில் செய்த தகடு கொஞ்சமாகத்தான் கிடைக்கும் என்பதால் குட்டி மாதிரிகளில் அளப்பது வழக்கம். அந்த எண்ணைப் பட்டறைக்குக் கொண்டுவந்து சிஆர்4 தகட்டோடு ஒப்பிடக் கூடாது.

சான்றிதழில் n என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் இறுகல் எண்ணிலும், அதாவது தகடு நீள நீள எவ்வளவு இறுகுகிறது என்பதைச் சொல்லும் எண்ணிலும், இதே கவனம் வேண்டும். நல்ல ஆழ இழுப்புத் தகட்டில் அது 0.20 முதல் 0.25. அதை வழக்கமாக 10 முதல் 20 சதவீத நீட்சிக்குள் கணக்கிடுவார்கள். 3 சதவீதத்திலேயே ஒடுங்கிவிடும் தகட்டுக்கு அந்த எல்லைக்குள் கணக்கிட எதுவுமே இல்லை. எங்கிருந்து எங்கே வரை அளந்தார்கள் என்று கேளுங்கள்.

ஈல்டு வலிமையை உச்ச வலிமையால் வகுத்துப் பார்ப்பது கைவசம் உள்ள மிக எளிய வடிகட்டி. 0.6, 0.7 என்றால் இறுக இடமிருக்கிறது. 0.95ஐத் தாண்டினால் உப்பச் செய்யும் வேலைக்கு அந்தத் தகட்டை மறந்துவிடுங்கள்.

நான்காம் படி: உருக்கொள்ளும் எல்லையைக் கணக்கிடுதல்

கீலர், பிரேசியர் இருவரின் சூத்திரம் குறைகார்பன் தகட்டுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து 14.13ஆல் பெருக்கி, 23.3ஐக் கூட்டுங்கள். வந்ததை இறுகல் எண்ணால் பெருக்கி 0.21ஆல் வகுத்தால், ஒரு திசையில் மட்டும் நீளும் நிலையில் தகடு ஒடுங்காமல் தாங்கும் நீட்சி சதவீதத்தில் கிடைக்கும். இறுகல் எண் 0.21க்கு மேல் போனால் 0.21 என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

1 மில்லிமீட்டர் தகடு, இறுகல் எண் 0.21 என்றால் விடை 37 சதவீதம். இறுகல் எண் 0.10 என்றால் 18. 0.05 என்றால் 9. சூத்திரம் வழக்கமான கிரெய்ன் உள்ள தகடுகளில் சோதித்துக் கண்டது என்பதால், மிக நுண்ணிய தகட்டுக்கு இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். வலிமை கூடியதால் தடிமனைக் குறைக்கிறோம். தடிமன் குறைந்தால் இதே சூத்திரத்தில் எல்லை இன்னும் இறங்குகிறது. இரண்டு பக்கமும் அடி.

ஐந்தாம் படி: கிண்ணச் சோதனைகள்

எரிக்சன் சோதனையில் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைப் பஞ்ச் (அழுத்தும் முனை), 27 மில்லிமீட்டர் துளை, ஓரத்தை 10 கிலோநியூட்டனில் இறுக்கிப் பிடிப்பது. உருண்டை எவ்வளவு ஆழம் இறங்கியதும் தகடு விரிசல் விடுகிறது என்பதே அளவு. இது முழுக்க உப்பச் செய்யும் சோதனை, ஆகவே மிக நுண்ணிய தகடு இதில் மோசமாகத் தோற்கும்.

கிண்ணத்தை உருட்டிப் பாருங்கள். கிரெய்ன் பெரிதான தகட்டில் உச்சிப் பகுதி ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாக இருக்கும். மிக நுண்ணியதில் முகம் கடைசிவரை வழவழப்பாகவே இருந்து, முன்னறிவிப்பின்றிக் கத்தியால் கீறினாற்போல் பிளக்கும். வண்ணம் பூசும் வெளிப்பாகங்களுக்கு அந்த வழவழப்பு பெரிய வரம். முகம் நன்றாக இருப்பதை வைத்துத் தகடு இன்னும் தாங்கும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

ஆழ இழுப்பு வேறு கதை. அங்கே ஓரத்துத் தகடு உள்ளே வழுக்கி வரவேண்டும். இறுகல் எண்ணைவிட ஆர் மதிப்புதான் அங்கே ஆட்சி செய்கிறது, அதாவது இழுக்கும்போது தகடு தடிமனில் மெலியாமல் அகலத்தில் சுருங்கும் விகிதம். கிரெய்ன் நுணுகினால் ஓரத்தை உள்ளே இழுக்கத் தேவைப்படும் விசை கூடும். அதே அளவுக்குக் கிண்ணச் சுவரின் வலிமையும் கூடும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், எரிக்சனில் தோற்ற தகடு 50 மில்லிமீட்டர் பஞ்சில் 90, 95 மில்லிமீட்டர் வட்டத் தகட்டை இழுத்துக் காட்டி ஆச்சரியப்படுத்தலாம். ஆர் மதிப்பை நிர்ணயிப்பது கிரெய்னின் அளவைவிடப் படிகங்கள் திரும்பியிருக்கும் திசை. அடுக்கி உருட்டிய தகட்டில் அந்தத் திசை இழுப்புக்குச் சாதகமாக அமைவது அபூர்வம். கிண்ணத்தின் வாயில் காது காதாக எழும்புவதைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ளலாம்.

ஆறாம் படி: வளைவும் திரும்பலும்

மிக நுண்ணிய தகடு தலைநிமிரும் இடம் வளைக்கும் வேலை. வளைவில் திரிபு வெளிப்புற இழையில் மட்டும்தான், உள்ளே இருக்கும் பகுதி அதைத் தாங்கிப் பிடிக்கும். ராணிப்பேட்டையில் பெல் ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளும் பாய்லர் துணைக்கருவிகளுக்குப் பேர் போனவை. புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் கருவிகளில் தொங்கும் நெளித் தகடுகளைப் போன்று ரோல் ஃபார்மிங்கில் (உருளைகளுக்கிடையே படிப்படியாக வளைப்பது) உருவாகும் பாகங்கள்தான் இந்த எஃகுக்கு இயல்பான இடம் என்பேன். குழிந்த கிண்ணங்கள் அல்ல.

ஆனால் திரும்பல், அதாவது அழுத்தத்தை விட்டதும் வளைவு கொஞ்சம் பின்வாங்குவது, இருக்கிறது. கிரெய்னை எவ்வளவு நுணுக்கினாலும் மீள்தன்மைக் குணகம் 207 கிகாபாஸ்கலை ஒட்டியே நிற்கும், ஈல்டு மட்டும் ஏறும். உள் ஆரம் தடிமனைப்போல் 5 மடங்கு, 90 பாகை வளைவு என்று கணக்குப் போட்டால், 200 மெகாபாஸ்கல் தகடு ஏறத்தாழ 1.2 பாகை திரும்பும். 600 மெகாபாஸ்கல் தகடு 3.6 பாகை. "வலிமைதான் கூடிவிட்டதே" என்று தடிமனைப் பாதியாக்கி ஆரத்தை அப்படியே விட்டால் ஏறத்தாழ 7 பாகை. பழைய டையில் புதிய தகட்டைப் போட்டுவிட்டு ஆபரேட்டரைத் திட்டுவதில் பயனில்லை.

துளையை விரிக்கும் வேலையில் ஒரே சீரான நுண்ணிய ஃபெரைட் நன்றாகவே நடந்துகொள்ளும், வெட்டிய விளிம்பு சுத்தமாக இருந்தால்.

ஏழாம் படி: கிடங்கைக் கவனியுங்கள்

லூடர்ஸ் கோடுகளைப் போக்க, தகட்டைக் கடைசியில் ஒரு சதவீதம் அளவுக்கு மெல்ல உருட்டி அனுப்புவார்கள். தனித்திருக்கும் கார்பனும் நைட்ரஜனும் நாளடைவில் டிஸ்லொகேஷன்களைப் போய்ப் பிடித்துக்கொள்ள, கோடுகள் திரும்பி வந்துவிடும். வெப்பம் கூடினால் இது வேகமாக நடக்கும். கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில், தகரக் கூரைக்குக் கீழே காயிலை மாதக்கணக்கில் போட்டு வைப்பது நல்லதல்ல. உருட்டிய தேதியைக் காயிலில் எழுதி, முன்னால் வந்ததை முன்னால் பயன்படுத்துங்கள்.

எட்டாம் படி: நீட்சி போதாவிட்டால்

வழி இல்லாமல் இல்லை. முதலில் அனீல் செய்து பாருங்கள். சிறு துண்டுகளை 550, 600, 650 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஒவ்வொன்றின் கடினத்தையும் சீரான நீட்சியையும் அளந்து வரைபடம் போடுங்கள். கிரெய்ன் 2, 3 மைக்ரானுக்கு வளர்ந்த இடத்தில் வலிமையில் கொஞ்சம் இழந்து, நீட்சியில் நிறையப் பெறுவீர்கள். என்னைக் கேட்டால் பிரஸ் வேலைக்கு அந்த இடம்தான் லாபம். அரை மைக்ரான் ஆய்வேட்டுக்கு அழகு. பெரிய கிரெய்னும் சிறிய கிரெய்னும் கலந்து நிற்கும்படி அனீல் செய்வதும் பலன் தரும்: சிறியது வலிமையைப் பார்த்துக்கொள்ளும், பெரியது இறுகுவதைப் பார்த்துக்கொள்ளும்.

இறுகுவதற்கென்றே இரண்டாவது கட்டத்தைச் சேர்ப்பது அடுத்த வழி. நுண்ணிய கார்பைடுகள் டிஸ்லொகேஷன்களைக் கிரெய்னுக்குள்ளேயே தடுத்துச் சேரவைக்கும். ஃபெரைட்டோடு மார்ட்டென்சைட் கலந்த டூயல் ஃபேஸ் தகடு அதைவிட வலுவாக இறுகும், அது கடைச் சரக்காகவே கிடைக்கிறது. விலையைக் கேட்டு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பாகத்தில் வெல்டிங் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்பாட் வெல்டைச் சுற்றியுள்ள சூடுபட்ட வளையத்தில் கிரெய்ன் வளர்ந்து, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வலிமை அங்கே மட்டும் கரைந்துவிடும். வெல்டுக்குக் குறுக்கே கடினத்தை அளந்து பார்க்காமல் தடிமனைக் குறைக்காதீர்கள்.

டையில் முதல் தகடு

எல்லாம் தேறிய பிறகு முதல் சில தகடுகளின்மேல் கட்டம் பொறித்து அழுத்துங்கள். வழக்கமான 5 மில்லிமீட்டர் வட்டம் இதற்குப் போதாது. மிக நுண்ணிய தகட்டில் ஒடுக்கம் குறுகிய இடத்தில் நடப்பதால் பெரிய வட்டம் அதைச் சராசரியாக்கி மறைத்துவிடும். 2 மில்லிமீட்டர் வட்டமோ 1 மில்லிமீட்டர் சதுரமோ பொறியுங்கள். பஞ்சின் மூக்கு ஆரத்துக்கு அருகிலும் மூலைகளிலும் அளக்க வேண்டும். வழக்கமான தகட்டில் எல்லைக்குக் கீழே 10 சதவீதப் புள்ளிகள் பாதுகாப்புக்கு விடுவார்கள். 37 சதவீதம் தாங்கும் தகட்டை 27இல் நிறுத்துவார்கள். எல்லையே 9 சதவீதமாக உள்ள தகட்டில் அப்படி விட மிச்சம் ஏதுமில்லை. அங்கே மூலை ஆரத்தைப் பெரிதாக்கி, பிளாங்க் ஹோல்டர் (தகட்டின் ஓரத்தைப் பிடிக்கும் வளையம்) அழுத்தத்தைச் சுருக்கம் விழாத அளவுக்குத் தளர்த்தி, தகடு ஓரத்திலிருந்து உள்ளே வழுக்கி வர இடம் கொடுங்கள். அளந்த நீட்சி 4, 5 சதவீதத்துக்குள் அடங்கிய பிறகே காயிலுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.